கொழும்பு வீட்டில் பஸ்காவும் கூடாரப் பண்டிகையும்: இயேசுவை விசுவாசிக்கும் குடும்பங்கள் தொடங்குவது எப்படி

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவை நினைக்கும் பஸ்காவை வீட்டில் ஆசரிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நாளில் என்பதுதான். கொழும்பில் இருப்பவர்களுக்கு அதற்குப் பாதி விடை குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரிலேயே இருக்கிறது. பண்டிகைகளைப் பட்டியலிடும் வேதாகமப் பகுதியான லேவியராகமம் 23ஆம் அதிகாரத்து மாதங்கள் பிறையோடு தொடங்குகின்றன. முதலாம் மாதம் 14ஆம் திகதி மாலையில் பஸ்கா. 15ஆம் திகதி புளிப்பில்லாத அப்பப் பண்டிகையின் முதல் நாள். பிறையிலிருந்து அத்தனை நாள் எண்ணினால் பூரணை வந்துவிடும். எங்கள் நாட்டில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை. 2025இல் பக் போயா ஏப்ரல் 12, அன்று மாலைதான் பஸ்காவும் தொடங்கியது. 2026இல் இரண்டும் ஏப்ரல் 1. எபிரேய நாட்காட்டியில் 19 வருடத்துக்கு ஏழு தடவை ஒரு மாதம் கூட்டுவார்கள். அதனால் யூத நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

வேதத்தில் நாள் மாலையிலே தொடங்குகிறது. கோடையில் எருசலேமில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகும். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடும், சின்னப் பிள்ளைகளோடு ஆசரிக்க இது பெரிய வசதி. போயா நாளில் இறைச்சிக் கடையும் மதுக் கடையும் பூட்டியிருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆட்டிறைச்சியோ வைனோ வேண்டுமென்றால் இரண்டு நாள் முந்தியே வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் வைன் இல்லை. யாழ்ப்பாணத்துக் கறுப்புத் திராட்சையைக் கொஞ்சத் தண்ணீரில் அவித்து, மசித்து, துணியில் வடித்து, சீனி போடாமல் போத்தலில் வைப்போம்.

தொடங்குமுன் மனதில் தெளியவேண்டியது

நாங்கள் யூதர்கள் அல்ல, யூதர்களாக மாறவும் தேவையில்லை. புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவரிலிருந்து, வந்த விசுவாசிகள்மேல் மோசேயின் நியாயப்பிரமாணத்தின் நுகத்தை வைக்கவேண்டாம் என்று அப்போஸ்தலர் 15இல் எருசலேம் சபை முடிவு செய்தது. பண்டிகை நாளையும் மாதப் பிறப்பையும் ஓய்வுநாளையும் வைத்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும், அவை வருங்காரியங்களின் நிழல், பொருள் கிறிஸ்துவுடையது என்று கொலோசெயர் 2 சொல்கிறது. இந்தப் பண்டிகைகளை ஆசரிக்காதவன் இரட்சிக்கப்பட்டவன் அல்ல என்று யாராவது உங்களுக்குப் போதித்தால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் போதனையால் சபை பிரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனையையும் பெரிய வெள்ளியையும் விடவேண்டாம். உங்கள் போதகரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அப்படியானால் ஏன் செய்வது? யாத்திராகமம் 12:26இல் பதில் இருக்கிறது. இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்கிறார் கர்த்தர். பிள்ளை கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காகவே ஒரு இரவுச் சாப்பாட்டை வழக்கத்துக்கு மாறாக வைத்திருக்கிறார். நான் எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது இந்த வசனத்தை வைத்துத்தான். பிள்ளை வாய் திறந்து கேட்டால் அது நல்ல ஆசரிப்பு. பெரியவர்கள் மணிக்கணக்கில் பிரசங்கம் செய்து பிள்ளைகள் தூங்கிவிட்டால் அது பஸ்கா அல்ல.

இன்னொன்று, அடக்கம். ரோமர் 11 எங்களைக் காட்டொலிவ மரத்திலிருந்து ஒட்டவைக்கப்பட்ட கிளைகள் என்கிறது. கிளைகளுக்கு விரோதமாய்ப் பெருமைபாராட்டாதே என்றும் எச்சரிக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பஸ்கா, ஈஸ்டர் காலத்திலேயே யூதர்மேல் பொய்ப் பழி சுமத்தி அவர்களை அடித்திருக்கிறார்கள், அதுவும் கிறிஸ்தவர்கள். அதை அறிந்தே நாங்கள் இந்த மேசையில் உட்காரவேண்டும். தொப்பியும் தொங்கல் வைத்த போர்வையும் வாங்கி வேஷம் போடாதீர்கள். யூதரின் பாரம்பரிய ஆசீர்வாதங்கள் பலவற்றில், ‘எங்களுக்குக் கட்டளையிட்டவர்’ என்று ஒரு வரி வரும். அது அவர்களுக்குரிய வரி. நாங்கள் தமிழில், எங்கள் சொந்த ஜெபத்தைச் செய்கிறோம்.

இது புதுமை என்று பயப்படவும் வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் சபைகள் பஸ்காவை 14ஆம் திகதியிலேயே ஆசரித்தன. சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு இதைப் பற்றிப் பேச ரோமாபுரிக்கே போனார். அங்கே ஆயராக இருந்த அனிசேத்துஸ் உடன்படவில்லை, ஆனாலும் இருவரும் சமாதானமாகவே பிரிந்தார்கள். யூதக் கணக்கை விட்டு ஈஸ்டரைத் தனியே கணக்கிடும் முடிவு 325இல் நிக்கேயாச் சங்கத்தில் வந்தது.

பஸ்கா இரவு

ஒரு வாரத்துக்கு முன்னரே வீட்டிலிருந்து புளிப்பை, அதாவது மாவைப் பொங்கவைப்பதையும் பொங்கிய மாவில் செய்ததையும், அகற்றத் தொடங்குங்கள். பாண், பணிஸ், ஈஸ்ட், பேக்கிங் பவுடர். கிரீம் கிராக்கரைப் பலர் புளிப்பில்லாத அப்பம் என்று நினைத்துப் பாவிக்கிறார்கள். அது ஈஸ்ட் போட்டுச் செய்வது. மார்மைட் போத்தலை யாரும் நினைப்பதில்லை. அது முழுக்க ஈஸ்ட்தான். தோசை மா, ஆப்ப மா பற்றிக் கேட்பீர்கள். யூதச் சட்டப்படி புளிப்பு என்பது கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களுக்கு மட்டுமே உரியது. அரிசி அதில் சேராது. கீழைத்தேய யூதர் பலர் பஸ்காவில் சோறு சாப்பிடுகிறார்கள், ஐரோப்பிய யூதர் அரிசியையும் தவிர்ப்பார்கள். என் வீட்டில் அந்த ஏழு நாளும் தோசை மா அரைப்பதில்லை. இரவில் வைத்த மா காலையில் பொங்கி நிற்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், பாவம் எப்படிச் சத்தமில்லாமல் பரவும் என்று 1 கொரிந்தியர் 5ஐ விளக்க அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இடியப்பமும் அரிசிமாப் புட்டும் இருக்கையில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. பஸ்காவுக்கு முந்திய இரவில் விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தில் மூலை முடுக்கெல்லாம் பாண் துண்டு தேடும் வழக்கம் யூத வீடுகளில் உண்டு. முன்கூட்டியே சில துண்டுகளை ஒளித்து வையுங்கள். பிள்ளைகள் இதை வருடம் முழுக்க எதிர்பார்ப்பார்கள்.

புளிப்பில்லாத அப்பத்துக்கு இரண்டு கோப்பை கோதுமை மா அல்லது ஆட்டா மா, ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். யூத வழக்கத்தில் தண்ணீர் மாவில் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்கவேண்டும். நாங்கள் சட்டத்துக்காக அல்ல, அவசரத்தை உணர்வதற்காக மணிக்கூடு வைக்கிறோம். தோசைக்கல்லை முதலே நன்றாகக் காயவையுங்கள். சின்ன உருண்டைகளாகப் பிடித்து, மெல்லியதாக உருட்டி, முள்ளுக்கரண்டியால் முழுக்கக் குத்தி, எண்ணெய் இல்லாமல் இரண்டு பக்கமும் புள்ளி கறுக்கும் வரை சுடுங்கள். தேங்காய்ப்பூ சேர்க்கவேண்டாம், சேர்த்தால் அது எங்கள் வழமையான றொட்டி ஆகிவிடும், பிள்ளைக்குக் கேள்வி எழாது.

கசப்பான கீரைக்குப் பாகற்காயை மெல்லியதாக வெட்டிப் பச்சையாக வைக்கிறேன். உப்பில் பிழிந்து கசப்பை எடுத்துவிடாதீர்கள். கூட ஒரு பிடி சலாது இலை. யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் கசப்பான கீரைகளின் பட்டியலை அதிலிருந்தே தொடங்குகிறது. செங்கல் சாந்தை நினைவூட்டும் இனிப்புக் கலவைக்கு, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், துருவிய அப்பிள், நொறுக்கிய கஜு, கறுவாத் தூள், கொஞ்சம் திராட்சை ரசம். பேரீச்சம்பழம் புறக்கோட்டையில் மொத்தக் கடைகளில் மலிவு. கறுவாவுக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர், தொட்டுச் சாப்பிட வல்லாரை அல்லது வேறு பச்சை இலை.

ஆட்டுக்குட்டி? அடிக்கவேண்டாம். கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் இடிந்த பிறகு யூதர்களும் பஸ்காப் பலி செலுத்துவதில்லை. தட்டில் ஒரு வாட்டிய எலும்பை மட்டும் வைப்பார்கள். விருத்தசேதனமில்லாதவன் அந்தப் பலியில் புசிக்கலாகாது என்று யாத்திராகமம் 12:48 சொல்லுகிறது. எங்கள் பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டாயிற்று. எலும்பைத் தட்டில் வைத்து, அதைக் காட்டி இதைச் சொன்னால் போதும்.

இன்றைய யூத வீடுகளில் நடக்கும் முழு ஒழுங்கும், நாலு கிண்ணமும் ஒளித்துவைத்த அப்பமும் உட்பட, இயேசுவின் மேசையில் அப்படியே இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். அந்த ஒழுங்கை விவரிக்கும் மிஷ்னா சுமார் கி.பி. 200இல்தான் தொகுக்கப்பட்டது, ஒளித்துவைத்த அப்பத்தைத் தேடும் விளையாட்டு அதற்கும் பிந்தியது. வேதம் காட்டுவதை வைத்தே நிறைவாகச் செய்யலாம். லூக்கா 22இல் இயேசு கிண்ணத்தை எடுப்பது சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வருகிறது. மாற்கு 14:26இல் அவர்கள் பாட்டுப் பாடி வெளியே போகிறார்கள். யூத வழக்கப்படி அந்த இரவில் பாடுவது சங்கீதம் 113 முதல் 118 வரை. நாங்கள் 113, 114ஐச் சாப்பாட்டுக்கு முன்பும் மற்றவற்றைப் பின்பும் வாசிக்கிறோம். சபையில் தெரிந்த ராகத்தில் 118ஐப் பாடினால் இன்னும் நல்லது.

மேசையில் எங்கள் ஒழுங்கு இதுதான்: விளக்கேற்றி ஜெபம், முதல் கிண்ணம், உப்புத் தண்ணீரில் இலை, சின்னவளின் கேள்வி, யாத்திராகமம் 12 வாசிப்பு, கசப்பு, அப்பம், சாப்பாடு, கடைசிக் கிண்ணம், சங்கீதம். திருவிருந்து வேறு, அதைச் சபையில்தான் எடுக்கிறோம்.

இதில் அதிக நேரம் கொடுக்கவேண்டியது கசப்புக்கு. பாகற்காயை வாயில் வைத்தபடி வீட்டில் மூத்தவர் ஒருவர், மா புளிக்க நேரமில்லாமல் புறப்பட்ட ஒரு இரவைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் என் அப்பா சொல்வார். 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடியபோது அடுப்பிலிருந்த சோற்றை இறக்கக்கூட நேரம் இருக்கவில்லை. ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அவர்களை மதிலுக்கு மேலால் தூக்கித் தன் வீட்டில் ஒளித்துவைத்த சிங்கள அயலவரைப் பற்றியும் அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். இதைக் கேட்ட வருடம்தான் மகன், இஸ்ரவேலர் ஏன் அப்பத்தைப் பொங்கவிடவில்லை என்று கேட்பதை நிறுத்தி, கர்த்தர் அப்போது தாத்தாவோடு இருந்தாரா என்று கேட்டான்.

தமிழ் வீடுகளில் இப்படி ஒரு இரவு இல்லாத வீடு குறைவு. மலையகத்துக் குடும்பம் என்றால் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்த பூட்டன் பூட்டிகளின் கதை இருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் 2019 ஏப்ரல் 21 காலையை, ஈஸ்டர் குண்டுவெடிப்பைச் சொல்லுவார்கள். சொல்லுங்கள், அழ வந்தால் அழுங்கள். ஆனால் பகையில் முடிக்காதீர்கள். எகிப்தியனை அருவருக்காதே, அவன் தேசத்தில் பரதேசியாயிருந்தாய் என்று உபாகமம் 23:7 விடுதலையான அந்த ஜனத்துக்கே கட்டளையிடுகிறது. அதை வாசித்துவிட்டு இனிப்புக் கலவையை எடுத்துக் கொடுங்கள்.

ஐம்பது நாள் எண்ணுவது

அறுவடையின் முதற்பலனான கதிர்க்கட்டு கர்த்தருக்கு முன் அசைவாட்டப்பட்ட நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணினால் வாரங்களின் பண்டிகை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் தேவாலய காலத்திலேயே பரிசேயர், சதுசேயர் என்ற இரு யூதப் பிரிவினருக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது. உயிர்த்த ஞாயிறை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள், கிறிஸ்து நித்திரையடைந்தவர்களில் முதற்பலன் என்பதால் அது பொருத்தமும்கூட. 2026இல் ஏப்ரல் 5இலிருந்து எண்ணினால் ஐம்பதாவது நாள் மே 24, சபையின் பெந்தெகொஸ்தே ஞாயிறு. யூதருக்கு மே 21 மாலை தொடங்குகிறது. குசினியில் ஒரு தாள் ஒட்டி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையே ஒரு கட்டத்தை அடிக்கட்டும்.

அந்த நாளில் ரூத்தின் புத்தகத்தை முழுக்க வாசிக்கிறோம், நாலு அதிகாரம்தான். பாற்பொருள் சாப்பிடுவது யூத வழக்கம். எருமைத் தயிரும் கித்துள் பாணியும் இருக்கிற நாட்டில் அதற்கு யோசிக்கத் தேவையில்லை. லேவியராகமம் 23:17இல் இந்தப் பண்டிகைக்கு மட்டும் புளித்த அப்பம் இரண்டு கேட்கப்படுகிறது. பேக்கரியில் இரண்டு றாத்தல் சுடச்சுடப் பாண் வாங்கி, ஒன்றை மேசைக்கும் மற்றதைத் தேவையுள்ள ஒரு வீட்டுக்கும் வையுங்கள். சிந்திய கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற கட்டளை அதே அதிகாரத்தில், சில வசனம் தள்ளி வருவது தற்செயல் அல்ல.

ஏழாம் மாதம்

எக்காளப் பண்டிகை 2026இல் செப்டெம்பர் 11 மாலை. பிள்ளைகளுக்கு விளையாட்டு ஊதல் கொடுத்து, 1 தெசலோனிக்கேயர் 4ஐ வாசியுங்கள். சங்கு ஊதவேண்டாம், எங்கள் ஊர்களில் அது கோவிலையும் செத்த வீட்டையும் நினைப்பூட்டும், அயலவர் பதறிவிடுவார்கள். தேனில் தோய்த்த அப்பிள் துண்டு யூதரின் புத்தாண்டு வழக்கம், வேதத்தில் இல்லை, செய்தாலும் தவறில்லை.

பாவநிவாரண நாள் செப்டெம்பர் 20 மாலை முதல் 21 மாலை வரை உபவாசம். சீனி வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள் உபவாசிக்கவேண்டாம். லேவியராகமம் 16ஐயும் எபிரெயர் 9, 10ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள், பின்னேரம் யோனா. எங்கள் பாவம் சிலுவையில் நிவிர்த்தியாயிற்று, இந்த உபவாசத்தால் அதில் ஒன்றும் கூடப்போவதில்லை. ஆனால் பேசாமல் விட்ட சகோதரிக்கு, காணித் தகராறில் பிரிந்த மச்சானுக்கு, அதற்கு முந்தின நாட்களில் தொலைபேசி எடுங்கள். எங்கள் குடும்பத்தில் இந்த நாள் செய்த வேலை பெரியது.

கூடாரம் மொட்டை மாடியில்

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரங்களில் இருந்ததை நினைக்கும் கூடாரப் பண்டிகை 2026இல் செப்டெம்பர் 25 மாலை, மறுபடி பூரணையை ஒட்டி. பண்டிகைகளில் எங்களைப் போன்ற புறஜாதியாருக்கு அதிகம் திறந்திருப்பது இதுதான் என்று நம்புகிறேன். எண்ணாகமம் 29இல் ஏழு நாளும் பலியிடும் காளைகளைக் கூட்டினால் எழுபது வரும்; எழுபது ஜாதிகளுக்காக, அதாவது உலகத்தின் எல்லாத் தேசத்து ஜனங்களுக்காக, என்று யூத ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ததும் ஏழாம் மாதத்துப் பண்டிகையில்தான். தூர தேசத்து அந்நியன் வந்து ஜெபித்தாலும் கேளும் என்று அன்று மன்றாடினான். சகரியா 14 எல்லா ஜாதிகளும் இந்தப் பண்டிகைக்கு வருவதைக் காண்கிறது.

தொடர்மாடியில் இருந்தால் முதலில் நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேளுங்கள். கூடாரம் திறந்த வானத்தின் கீழ் இருக்கவேண்டும், மேல்மாடியின் நிழல் விழும் பல்கனி சரிவராது. நாலு கமுகந்தடி அல்லது மூங்கில், மூன்று பக்கம் பழைய சேலை. கூரைக்கு வெட்டிய தாவரமே போடவேண்டும் என்பது வழக்கம், எங்களுக்குக் கிடுகு இருக்கிறது! வெயிலைவிட நிழல் கூடவும், இரவில் நட்சத்திரம் தெரியவும் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குக் கிடுகு பறந்து காலி வீதியில் விழாதபடி ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் கட்டுங்கள். மெழுகுதிரி உள்ளே கூடவே கூடாது, காய்ந்த கிடுகு ஒரு நொடியில் பற்றும். பற்றரி விளக்கு போதும். லேவியராகமம் 23:40 சொல்லும் ஓலைக்கு, குருத்தோலை ஞாயிறில் எங்கே வாங்குகிறீர்களோ அங்கே சொல்லிவையுங்கள்.

மழை வரும். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் கொழும்பில் பின்னேர இடிமழை வழக்கம். கஞ்சி பழுதாகும் அளவுக்கு மழை பெய்தால் உள்ளே போகலாம் என்று மிஷ்னாவே அனுமதிக்கிறது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். மழை விட்டதும் விரிப்பிலும் வாளியிலும் தேங்கிய தண்ணீரைக் கட்டாயம் ஊற்றுங்கள். டெங்கு நுளம்பு பெருக இடம் கொடுத்தால் அது அயலாருக்குச் செய்யும் அநியாயம்.

ஏழு இரவும் தூங்க முடியாவிட்டால் ஒருவேளைச் சாப்பாட்டையாவது அங்கே சாப்பிடுங்கள். உபாகமம் 16:14 வேலைக்காரரையும் பரதேசியையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் கூப்பிடச் சொல்கிறது. எங்கள் கூடாரத்துக்குக் கீழ்மாடி முஸ்லிம் குடும்பம் வரும், அதனால் அன்று கோழி அவர்கள் கடையில் வாங்குவோம். காவலாளி ஐயாவும் வருவார், அவருடைய மரக்கறிச் சாப்பாடு தனிச் சட்டியில். ஏழாம் நாள் யோவான் 7ஐ வாசித்து, பிள்ளைகள் ஒரு குடத்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவார்கள். சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய அந்தப் பண்டிகையில்தான் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று கூப்பிட்டார்.

மற்றவை

ஓய்வுநாளை இந்தப் பட்டியலில் கடைசியாக வைக்கிறேன், ஆனால் லேவியராகமம் 23 அதையே முதலில் வைக்கிறது. வெள்ளி மாலை விளக்கு, ஒரு சங்கீதம், பிள்ளைகளின் தலையில் கை வைத்து எண்ணாகமம் 6இன் ஆசீர்வாதம், போனை அலுமாரியில் போட்டு ஒரு சாப்பாடு. சனிக்கிழமை டியூசன் இருக்கிற பிள்ளைக்கு வெள்ளி இரவாவது முழுமையாகக் கிடைக்கட்டும்.

ஆமானின் கையிலிருந்து யூதர் தப்பியதை நினைக்கும் பூரிம் நாளில் எஸ்தரின் புத்தகத்தை உரக்க வாசித்து, ஆமான் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் தகரம் தட்டலாம். பிரதிஷ்டைப் பண்டிகை லேவியராகமத்தில் இல்லை, ஆனால் யோவான் 10:22இல் இயேசு அந்த நாளில் ஆலயத்தில் உலாவுகிறார். 2026இல் டிசெம்பர் 4 மாலை தொடங்கி எட்டு இரவு, இரவுக்கு ஒரு விளக்கு கூட. கார்த்திகை விளக்கீட்டை ஒட்டி வருவதால் அயலவர் இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். மக்கபேயர் காலத்தில், கி.மு. 164இல், தீட்டுப்படுத்தப்பட்ட ஆலயத்தைத் திரும்பச் சுத்திகரித்த நினைவு இது என்று மரியாதையாகச் சொல்லி, செய்த பலகாரத்தில் ஒரு தட்டு கொடுத்து அனுப்புங்கள்.